பெயரும் சாட்சியும்

கலிஃபோர்னியாவின் முதல் சட்டசபைக்கு 'ஆயிரம் கோப்பைச் சபை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தாமஸ் ஜெஃபர்ஸன் கிரீன் என்ற செனட்டர், சபை கலைகிறபோதெல்லாம், வாருங்கள், ஆயிரம் கோப்பை குடிப்போம் என்று மற்ற உறுப்பினர்களைக் கூப்பிடுவாராம். நண்பர்களிடம் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். முதலில் படித்தபோது நானும் சிரித்தவன்தான். பிறகு அந்தச் சபை இயற்றிய சட்டங்களைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. இப்போது அந்தச் சிரிப்பின்மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1848ல் மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த பிரதேசம் கலிஃபோர்னியா. அதே வருஷம் அங்கே தங்கம் அகப்பட்டது. மறு வருஷம் மாண்டெரேயில் பிரதிநிதிகள் கூடி ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். அடிமை முறை கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதினார்கள். 1849 டிசம்பர் 15ம் தேதி சான் ஹோஸேயில் சட்டசபை கூடியது. அப்போது கலிஃபோர்னியா மாநிலமே அல்ல. வாஷிங்டன் அதை மாநிலமாக ஏற்றுக்கொண்டது 1850 செப்டம்பர் 9ம் தேதிதான். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதை.

செனட்டுக்கு 16 பேர், அசெம்பிளிக்கு 36 பேர். கூடிய இடம் ஓட்டலுக்கென்று கட்டப்பட்ட ஒரு மாடிக் கட்டிடம், பச்சைச் செங்கல் சுவர். மழை, சேறு. முதல் நாள் கோரம் சேரவில்லை. கஜானாவில் பணம் கிடையாது. கடன் பத்திரம் வெளியிட்டார்கள், வட்டி 3 சதவீதம். இது வருஷத்துக்கு அல்ல, மாதத்துக்கு. பகல் முழுவதும் வங்கியில் கடன் கணக்கோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு, அந்தச் சபையின் நிலைமை வேறெதையும்விட இந்த வட்டியில்தான் புரிந்தது.

இந்த நிலைமையில் நாலு மாதத்தில் நூறுக்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றினார்கள். மாநிலத்தை 27 கவுண்ட்டிகளாகப் பிரித்தார்கள். மெக்ஸிகோ வழிவந்த ஸ்பானிய சிவில் சட்டமா, இங்கிலாந்தின் பொதுச் சட்டமா என்று ஒரு கேள்வி வந்தது. செனட்டின் நீதிக் குழு அதற்கு நீண்ட அறிக்கை ஒன்று எழுதி, இங்கிலாந்துச் சட்டத்தின் பக்கம் நின்றது. படித்தவர்கள் நிதானமாக எழுதிய அறிக்கை. குடித்துவிட்டு எழுதியதல்ல. ஆயிரம் கோப்பைக் கதை மறைப்பது இதைத்தான். சபையில் இருந்தவர்கள் சுயநினைவோடு இருந்தார்கள்.

கவுண்ட்டிகளுக்குப் பெயர் வைத்தார்கள் அல்லவா, அந்தப் பெயர்களின் பொருளை விளக்கி ஓர் அறிக்கை கொடுத்தவர் மரியானோ வயேஹோ. மெக்ஸிகோ காலத்துத் தளபதி, பெரிய நிலக்கிழார், இப்போது செனட்டர். நாபா, யோலோ, துவாலமி எல்லாம் பூர்வகுடிகளின் பெயர்கள். சொலானோ என்பது, ஸ்பானியப் புனிதர் ஒருவரின் பெயரால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பூர்வகுடித் தலைவனை நினைத்து வைத்தது. பூர்வகுடிகளின் உழைப்பில் வாழ்ந்த நிலக்கிழார் அவர்களுடைய சொற்களுக்கு அர்த்தம் எழுதுகிறார். இதில் முரண் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சபை செய்தவற்றில் ஒரு கவிஞன் விரும்பக்கூடிய காரியம் இது ஒன்றுதான்.

அதே ஏப்ரலில் குற்றவியல் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு விதி: கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் யாரும் வெள்ளையனுக்கு ஆதரவாகவோ எதிராகவோ சாட்சி சொல்லக்கூடாது. சட்டத்தில் உள்ள சொல் 'இந்தியர்'. கொலம்பஸ் வழிதவறி வைத்த பெயர். குழப்பம் வேண்டாமென்று நாம் முன்னால் ஒரு 'செவ்' சேர்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 22ம் தேதி இன்னொரு சட்டம். அதன் தலைப்பு 'இந்தியர்களின் நிர்வாகம் மற்றும் பாதுகாப்பு'. ஜான் பிட்வெல் என்ற செனட்டர் இதைவிட மிதமான மசோதா ஒன்றை முன்பே தயாரித்திருந்தார். அது ஏற்கப்படவில்லை. நிறைவேறிய சட்டப்படி, ஒரு வெள்ளையன் பூர்வகுடிக் குழந்தையைப் பெற்றோரோடோ 'நண்பர்க'ளோடோ மாஜிஸ்திரேட் முன் கூட்டிவந்தால், ஆணை 18 வயதுவரையும் பெண்ணை 15 வயதுவரையும் வைத்துக்கொள்ள உத்தரவு கிடைக்கும். வேலையின்றித் திரிகிற பூர்வகுடியைப் பிடித்து, அதிக விலை கேட்பவனிடம் நாலு மாதம் வரை வேலைக்கு விடலாம். அடிமை முறை கூடாது என்று எழுதிய மை காய்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொரு பிரிவு, இந்தியர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம் என்கிறது. அதே பிரிவு தொடர்ந்து, இந்தியரின் சாட்சியத்தைக் கொண்டு எந்த வெள்ளையனையும் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது என்கிறது. வாயைத் திறக்க அனுமதி உண்டு. கேட்கக் காது கிடையாது.

நம் விமர்சனங்களில் சொல், சொல் என்று ஓயாமல் எழுதுகிறோம். 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல் ஒரு சட்டத்தின் நெற்றியில் இருந்துகொண்டு என்ன வேலை செய்தது என்று பார்க்கவும் அந்தப் படிப்பு உதவ வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு?

கிரீனையும் மறந்துவிட முடியாது. அந்நியச் சுரங்கக்காரர்கள் மாதம் 20 டாலர் கட்ட வேண்டும் என்ற வரி அவருடைய யோசனை. மெக்ஸிகோவிலிருந்தும் சிலியிலிருந்தும் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சுரங்கங்களை விட்டுப் போனார்கள். 1851ல் அந்த வரி ரத்தாயிற்று. கிரீனைப் பற்றிப் பொதுவில் நிலைத்த கதையில் வரி இல்லை, கோப்பைதான் இருக்கிறது.

சாட்சி விதி நீடித்தது. 1854ல் ஒரு சீனரைக் கொன்றதாக ஒரு வெள்ளையனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. பார்த்த சாட்சிகள் சீனர்கள். மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று: கொலம்பஸ் தான் ஆசியக் கரையை அடைந்துவிட்டதாக நினைத்துத்தான் அங்கிருந்தவர்களை இந்தியர் என்றான், ஆகவே அந்தச் சொல் ஆசியர்களையும் குறிக்கும். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு தவறு, சொல்லாராய்ச்சி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கொலைக் குற்றவாளியை விடுவித்தது.

1846ல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் 1870 வாக்கில் சுமார் 30,000 ஆகிவிட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. நோய், பட்டினி, கொலை. 2019ல் மாநில கவர்னர் மன்னிப்புக் கேட்டார், நடந்தது இனப்படுகொலை என்றே சொன்னார். ஆயிரம் கோப்பைச் சபையின் கட்டிடம் 1853லேயே எரிந்துபோயிற்று. நாபாவும் யோலோவும் வரைபடத்தில் இருக்கின்றன.

கடைசியாக ஒருவர். மனுவெல் டொமிங்கெஸ். மாண்டெரேயில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களில் ஒருவர், அதில் கையெழுத்துப் போட்டவர். 1857ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். அவர் உடம்பில் இந்திய ரத்தம் ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்.

தினமும் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. கையெழுத்து சரி என்றால் ஆளும் சரி என்பதுதான் எங்கள் நம்பிக்கை. டொமிங்கெஸின் கையெழுத்து செல்லும். அது செல்லாவிட்டால் மாநிலமே செல்லாது. அவர் வாயால் சொல்கிற ஒரு வார்த்தை மட்டும் செல்லாது.

அந்தச் சபைக்கு வேறொரு பட்டப்பெயர் வைத்திருக்கலாம்.