ரூபாய்க்கு ஒரு படி

1967-ஆம் வருஷம் சென்னை அரிசிக்கு ஒரு சரித்திர வருஷம். தட்டுப்பாட்டுக் காலத்தில் தேர்தலில் ஜெயித்து வந்த அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது. அதே வருஷம் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற மருத்துவப் பத்திரிகையில் நம் சாப்பாட்டைப் பற்றிச் சங்கடமான கட்டுரை ஒன்றும் வந்தது.

எழுதியவர் மேற்கு ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா. ரயில்வே ஊழியர்களின் நோய், மரணப் பதிவுகளை வட்டாரவாரியாக ஒப்பிட்டார். பஞ்சாபிகள் தென்னிந்தியரைவிட 8 முதல் 19 மடங்கு கொழுப்பு சாப்பிட்டார்கள், அதிலும் பெரும்பகுதி பால், நெய். ஆனால் மாரடைப்பு நம்மவர்களுக்குத்தான் 7 மடங்கு அதிகம்! 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயிலை விட்ட ஊர்க்காரர்களான நமக்கு இது பெருமைப்படும் செய்தி அல்ல. அந்தக் காலத்து மரணப் பதிவுகளில் பிழை இருந்திருக்கும். அதற்காக 7 மடங்கைத் தள்ளிவிட முடியாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வெண்ணெய் தின்னும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்பு குறைவு என்று செர்ழ் ரெனோ 1992-இல் எழுதியதும் ‘பிரெஞ்சு முரண்’ என்று உலகமே பேசியது. நம் ரயில்வே டாக்டர் 25 வருஷம் முன்பே எழுதிய பஞ்சாபி முரணுக்குப் பெயர் வைக்க ஆளில்லை.

அதற்கும் முன்பே குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்திருந்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் எலி சராசரியாக 235 கிராம் வந்தது. மதராஸ் சாப்பாட்டில் 155, அதுவே கடைசி. குற்றம் நெல்லின் மேல் இல்லை. உரலில் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். மில் வந்ததும் தவிடும் முளையும் மாட்டுக்குப் போயின, வெள்ளை அரிசி நமக்கு வந்தது. இன்றும் செங்குன்றம் மில்களிலிருந்து வரும் அரிசி மல்லிகைப்பூ மாதிரி இருந்தால்தான் நம் வீடுகளில் மதிப்பு.

1997-இல் அமெரிக்காவில் பால் ரிட்கர் குழு, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததைக் காட்டியது. அந்தப் புரதம் உடம்பில் அழற்சி இருப்பதன் அடையாளம். ரத்தக்குழாய் அடைப்பு என்பது வெறும் கொழுப்புப் படிவு இல்லை, குழாய்ச் சுவரில் கனன்றுகொண்டிருக்கும் புண்ணும்கூட என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. சர்க்கரையும் தொப்பையும் அந்தக் கனலை ஊதிவிடும். சென்னைவாசிகளிடம் டாக்டர் வி. மோகன் குழு செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடும் கூடுதல், நல்ல கொழுப்பு குறைவு.

ஆனாலும் ரூபாய் அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசித்தவனுக்குத் தவிட்டைப் பற்றிப் பாடம் நடத்துவது அயோக்கியத்தனம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் ஒரு படிச் சோறு தின்றாலும் சாயங்காலத்துக்குள் அது வேர்வையாகப் போய்விடும். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது, மூட்டை கிரேனுக்குப் போயிற்று. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பென்ஷன் வாங்கிய என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் தட்டிலும் அதே அளவுதான்.

இந்த வட்டாரத்திலேயே வேறு சாப்பாடும் இருந்தது. கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி. இந்த எண்ணெய் மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், அழற்சியையும் தணிக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்புக்காரர் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். நெத்திலியும் மத்தியும் ஏழை மீன், வஞ்சிரம் பணக்கார மீன் என்று விலை சொல்கிறது.

கூழும் ஏழைச் சாப்பாடு என்று பெயர் வாங்கி அடுப்பை விட்டுப் போயிற்று. ஆடி மாதம் திருவொற்றியூர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது தூக்குச்சட்டியோடு வரிசை நிற்கிறது. மறுநாள் காலை அதே வீடுகளில் இட்லிதான்.