லிங்கி ஆற்றுப் படுகையில் மழையும் தோட்ட மக்களும்

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டங்களில் உள்ளூர் மக்களும் பங்கேற்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று வருகின்றது. சிரம்பானை ஒட்டிய அம்பாங்கான் வட்டாரத் தமிழரைப் பொறுத்தவரை இதற்கொரு முன்வரலாறு உண்டு. அதனை விடுத்துத் தீட்டப்படும் திட்டம் பாதித் திட்டமே என்பது நம் கருத்து.

சுங்கை ஊஜோங் ஈயச் சுரங்கங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே லிங்கி ஆற்றில் மண்ணைச் சேர்த்தன. ஈயம் கடலுக்குச் சென்ற நீர்வழியும் அதுவே. பின்னர் ரப்பர் வந்தது. நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் இராதவாறு சுரண்டி வைப்பதையே அந்நாளைய மலாயாத் தோட்ட நிர்வாகங்கள் நல்ல பராமரிப்பு எனக் கொண்டன. அந்த வெளிக்காட்டு வேலையில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டனர். மூடாக்கற்ற சரிவுகளில் விழுந்த கனமழை மேல்மண்ணை ஆறுகளுக்கு இழுத்துச் சென்றது. ஆற்றுப்படுகை உயர, வெள்ளம் கரையேறுவது எளிதாயிற்று. 1920களிலும் 1930களிலும் மூடுபயிரும் மண்குழிகளும் பரவின. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தோன்றியது. தவறு ஓரளவு திருத்தப்பட்டது எனலாம். ஆயின், களைக்கொட்டு ஏந்தியவரிடம் யோசனை கேட்கும் வழக்கம் அத்தோட்ட அமைப்பில் இல்லை.

இத்தனைக்கும் மழையை அவரளவு அறிந்தோர் இலர். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது வழியும். மங்கில் மழைநீர் கலந்தால் பால் கெடும். ஆகவே பால்மரம் சீவுவோர் விடியுமுன்னரே வானத்தைப் படித்தாக வேண்டும். நாட்கூலி முறையில் மழைநாளின் இழப்பு பெரிதும் அவர் தலையிலேயே விழுந்தது. பருவநிலை இடரின் சுமை யாருக்கு என்று இன்று அரங்குகளில் எழுப்பப்படும் வினாவுக்குப் பெரட்டுக் களம் அன்றே விடை கூறிவிட்டது.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் செம்பனை பரவியது. சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர் நிலங்கள் பலவும் பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களை விட்டு வெளியேறியோர் கைக்கெட்டிய விலையில் வீடு தேடினர். தாழ்நிலமா மேட்டுநிலமா என்று பார்க்கும் வசதி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. 2021 டிசம்பர் வெள்ளம் நெகிரி செம்பிலானையும் தாக்கியபோது, இடம்பெயர்ந்தோரைக் கணக்கெடுக்க முடிந்தது. நீர் ஏன் அவ்வழியே வந்தது என்பது கணக்கில் அடங்காத செய்தி.

அதனை அறியப் பழைய தோட்ட வரைபடங்களை இன்றைய வெள்ள வரைபடங்களுடன் ஒப்பிடல் வேண்டும். மண்குழி எங்கிருந்தது, எந்தக் கால்வாய் மேல் தார்ச்சாலை விழுந்தது, எந்த நிரை மழைக்குப்பின் நெடுநேரம் காயாது கிடந்தது என்பனவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.