குவாட் 2
இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கரின் அக்கூஸ்டிக்கல் மேனுஃபாக்சரிங் நிறுவனம் 1953இல் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர்.

அமைப்பு: மோனோ வகை, திறன் 15 வாட். ஸ்டீரியோவுக்கு இரண்டு தேவை. வெளியீட்டுக்கு இரண்டு கேடி66 வால்வுகள். இவற்றின் கேத்தோடுகளும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் தனிச்சுற்றில் இணைவதால் ஒலித்திரிபு குறைகிறது.

பராமரிப்பு: பழைய இணைப்புக் கெப்பாசிட்டர் கசிந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறி வால்வு மிகைச்சூடடையும், டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். எனவே இக்கெப்பாசிட்டர்களையும் இரு வால்வுகளுக்கும் பொதுவான 180 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரையும் முதலில் சோதிப்பர். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

வரலாறும் சிறப்பும்: 1957இல் வந்த குவாட் மின்நிலை ஒலிபெருக்கியின் துணைக்கருவியாகப் பெயர்பெற்றது. 1967இல் டிரான்சிஸ்டர் வகையான குவாட் 303 இதன் இடத்தைப் பெற்றது. மூல டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதின்றி இருப்பதே சேகரிப்பாளருக்கு முதன்மை மதிப்பு.