வெற்றிடங்களைக் காணும் பயணம்: நெற்குப்பையும் ஸ்காட்லாந்து மலைநாடும்

திருப்பத்தூரிலிருந்து பொன்னமராவதி செல்லும் வழியில் உள்ள செட்டிநாட்டு ஊர் நெற்குப்பை. குப்பை என்னும் சொல்லுக்குக் கழிவு என்றே இன்று பொருள் கொள்ளுகிறோம்; பழந்தமிழிலோ அது குவியலைக் குறித்தது. ஆகவே நெற்குப்பை என்பது நெற்குவியல். வானம் பார்த்த வறண்ட பூமியில் அமைந்த ஊருக்கு இப்பெயர் எவ்வாறு பொருந்திற்று என்பதை ஊர்ப்பெயர் ஆய்வாளர்க்கே விட்டுவிடுவோம். ஆயினும் பின்னாளில் அவ்வட்டாரத்து மாளிகைகளை எழுப்பியது ஒரு நெற்குவியல்தான். அது விளைந்த இடம் பர்மா. அதை நாம் பின்னர்க் காண்போம்.

பயண இலக்கியம் கற்போர்க்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் அறிமுகமானது. சோமலெ என்று அறியப்பட்ட சோம. இலக்குமணன் (1921–1986) பிறந்த ஊர் இது. 'ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்' முதலிய பயண நூல்களை எழுதிய அவர், தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். உலகைச் சுற்றிய கண்ணைத் தம் சொந்த மாவட்டங்களின்மேல் திருப்பினார் என்பதே அவருடைய சிறப்பு என்று நாம் கருதுகிறோம். எங்கு என்ன விளைகிறது, எந்தத் தொழில் நடக்கிறது, மக்கள் எங்கிருந்து வந்தனர், எங்கே சென்றனர் என்பவற்றை அவர் கேட்டார். காட்சியை மட்டும் கண்டு திரும்பும் பயணி இக்கேள்விகளைக் கேட்பதில்லை.

இப்போது செட்டிநாட்டுக்குச் சிறு சிறு குழுக்களாகப் பயணிகள் வருகின்றனர். ஒரு சிற்றுந்து, ஒரு வழிகாட்டி, எட்டுப் பத்துப் பேர். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புச் சுவர்களையும் கண்டு வியந்து, பூட்டிய வீடுகளின் அமைதியை நிழற்படம் எடுத்துச் செல்லுகின்றனர். இத்தகைய குழுப்பயணம் மிகவும் வேரூன்றிய இடங்களுள் ஒன்று ஸ்காட்லாந்தின் மலைநாடும் அதன் மேற்குத் தீவுகளும் ஆகும். அங்கும் பயணியை ஈர்ப்பது பெரும்பாலும் வெறுமையே. ஆளில்லாப் பள்ளத்தாக்குகள், இடிந்த கல்வீடுகள், ஆடு மேயும் சரிவுகள். இயற்கையின் தனிமை என்று வழிகாட்டி நூல்கள் அதைப் போற்றும். அது இயற்கையன்று, வரலாறு. அவ்வரலாற்றில் திருச்சபைக்கு உள்ள பங்கு இறையியல் மாணவர் கூர்ந்து நோக்கத்தக்கது.

1746ஆம் ஆண்டில் கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றது. அதன்பின் குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல நிலவுடைமையாளராயினர். முன்பு ஒரு தலைவனின் பெருமை அவனிடமிருந்த ஆட்களின் எண்ணிக்கையில் இருந்தது. பின்பு வாரத்தொகையில் இருந்தது. ஆட்டுப்பண்ணை வைப்போர் குடியானவரைவிட மிகுதியாக வாரம் கொடுத்தனர். சதர்லாந்துச் சீமையில் 1807 முதல் 1821 வரை ஆயிரக்கணக்கான குடிகள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து எழுப்பப்பட்டுக் கடலோரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1814இல் ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளை எரித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பட்ரிக் செல்லர் என்னும் காரியஸ்தர் 1816இல் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார்.

ஆயர்கள் என்ன செய்தனர்? அக்காலத்து ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஒரு சபைக்கு ஆயரை முன்மொழியும் உரிமை, 1712ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலும் அவ்வூர் நிலப்பிரபுவின் கையில் இருந்தது. உணவளித்த கையை எதிர்க்கப் பலர் துணியவில்லை. இத்துன்பம் மக்களின் பாவத்துக்குத் தேவன் அனுப்பிய தண்டனை என்று போதித்தவரும் உண்டு. ஸ்டிராத்நேவரைச் சேர்ந்த கொத்தனார் டொனால்டு மக்லவுட் 1840களில் எழுதிய மடல்களில் ஆயர்களின்மேல் சாட்டிய குற்றம் கடுமையானது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பதும் முறையன்று. அப்பள்ளத்தாக்கில் ஊழியம் செய்த டொனால்டு சேஜ் என்பவர், 1819இல் தம் மக்கள் வெளியேற்றப்படுமுன் நடந்த கடைசி ஞாயிறு ஆராதனையைத் தம் நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். திறந்த வெளியில் கூடிய அச்சபையில் பிரசங்கியாரும் அழுதார், கேட்டோரும் அழுதனர். அவர் மக்களோடு அழுதார்; மக்களுக்காக நீதிமன்றம் ஏறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு நம் ஊழியத்திலும் அளக்கப்பட வேண்டிய ஒன்று.

மலைநாட்டுச் சுற்றுப்பயணங்களில் தவறாமல் காட்டப்படாத, ஆனால் காட்டப்பட வேண்டிய ஓர் ஆலயம் குரோயிக் என்னுமிடத்தில் இருக்கிறது. சாலை முடியும் பள்ளத்தாக்கில் தனித்து நிற்கும் எளிய கட்டடம் அது. 1845ஆம் ஆண்டு மே மாதம் அருகிலிருந்த கிளென்கால்வியிலிருந்து பதினெட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிலத்தின் உடைமையாளர் வெளிநாட்டில் இருந்தார். காரியஸ்தரே எல்லாவற்றையும் நடத்தினார். போக்கிடமற்ற மக்கள் குரோயிக் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் போர்வைகளாலும் துணிகளாலும் கூடாரமடித்துத் தங்கினர். ஆலயத்துக்குள் அவர்கள் புகவில்லை. ஆனால் அதன் சன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தங்கள் பெயர்களையும் நிலைமையையும் கீறி வைத்தனர். அவ்வெழுத்துகளை இன்றும் படிக்கலாம். கிளென்கால்வி மக்களாகிய தாங்கள் ஒரு தீய தலைமுறையினர் என்று அவற்றுள் ஒன்று குறிக்கிறது.

இது நம்மை நிறுத்துகிறது. வீட்டை இழந்தவன் தன்னையே குற்றவாளி என்று எழுதுகிறான். அதுவும் தான் பேசிய கேலிக் மொழியில் அன்று, ஆங்கிலத்தில். எவரோ படிக்க வேண்டும் என்பதற்காக. இதைப் பணிவின் சான்றாகப் போற்றுவோர் உளர். நமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. பல ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்திலிருந்து விழுந்த ஒரு போதனை, துன்புறுவோர் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கே அது சான்று. நாபோத்தைப் பற்றியும், நிலத்தைக் குவிப்போரைக் கண்டிக்கும் ஏசாயாவின் 5ஆம் அதிகாரத்தைப் பற்றியும் அப்பீடங்கள் மிகுதியாகப் பேசியிருந்தால் அச்சன்னலில் வேறு சொற்கள் இருந்திருக்கக்கூடும்.

இதற்கிடையே 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டது. ஆயரைத் தெரிந்துகொள்ளும் உரிமை சபைக்கே உரியது என்று சுமார் 450 ஆயர்கள் வீட்டையும் வருமானத்தையும் துறந்து வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை அமைத்தனர். மலைநாட்டு மக்கள் பெருவாரியாக அவர்களோடு சென்றனர். கிளென்கால்வி மக்களும் அத்திருச்சபையினரே. அவர்களுடைய ஆயர் கஸ்டேவஸ் ஏர்ட் அவர்கள் சார்பில் குரல் கொடுத்தார். நிலப்பிரபுக்கள் பலர் புதிய திருச்சபைக்கு ஆலயம் கட்ட ஓர் அடி மண்ணும் தர மறுத்தனர். ஸ்டிரான்டீயன் ஊரார் இதற்கு ஒரு வழி கண்டனர். கிளைடு ஆற்றங்கரையில் இரும்பால் ஒரு மிதக்கும் ஆலயத்தைச் செய்வித்து, 1846இல் சூனார்ட் கடற்கழியில் நங்கூரமிட்டனர். நிலம் பிரபுவுடையது, நீர் அவருடையதன்று. நல்ல பிரசங்கியார் வரும் நாளில் கூட்டம் பெருகி ஆலயம் சில அங்குலம் கூடுதலாக அமிழுமாம். பிரசங்கத்தின் கனத்தை இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி நம் ஆலயங்களில் இல்லாதது ஆயர்களுக்கு ஆறுதலே.

அதே 1846ஆம் ஆண்டில் வேறு சில நிகழ்ச்சிகளும் ஒன்றுகூடின. மலைநாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் தொடங்கியது. சுயாதீனத் திருச்சபை சபைப்பிரிவு பாராமல் முதன்முதலில் உதவிக்கு இறங்கியது. எனினும் அத்திருச்சபையைக் குறையற்றதென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த சபையாரிடமிருந்து அது பெற்ற காணிக்கையைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் அவ்வாண்டில் ஸ்காட்லாந்து நகரங்களில் முழங்கினார். பணம் திரும்பவில்லை.

அவ்வாண்டில்தான் தாமஸ் குக் தம் முதல் ஸ்காட்லாந்துக் குழுப்பயணத்தை நடத்தினார். இவர் பாப்டிஸ்து சபையைச் சேர்ந்தவர். இளமையில் ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் அறிவித்தவர். 1841இல் மதுவிலக்குக் கூட்டமொன்றுக்கு லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்குத் தனி இரயிலில் மக்களை அழைத்துச் சென்றதே அவருடைய தொழிலின் தொடக்கம். இன்றைய சுற்றுலாத் தொழிலின் மூலவர்களுள் ஒருவர் ஒரு சுவிசேஷ ஊழியர் என்பதை நம்மில் பலர் அறியார். ஸ்டாஃபா, அயோனா ஆகிய தீவுகளுக்கு அவர் ஆண்டுதோறும் குழுக்களை நடத்திச் சென்றார். அயோனாவின் வறுமையைக் கண்டு மீனவர்க்குப் படகு வாங்கப் பயணிகளிடமே நிதி திரட்டினார். காட்சி காண வந்தவர்களை அவர் கடனாளிகளாகவும் ஆக்கினார் எனலாம். அவருக்குப் பின் வந்த தொழில் இதைப் பின்பற்றியதாகத் தெரியவில்லை.

இனி நெற்குப்பைக்குத் திரும்புவோம். காலியான மலைநாட்டு ஊரையும் பூட்டிய செட்டிநாட்டு வீட்டையும் ஒப்பிடுவது எளிது. நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால் அவ்வொப்புமை தலைகீழானது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின் ஐராவதி முகத்துவாரம் பெரும் நெல் நிலமாயிற்று. காட்டைத் திருத்திய பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுத்தவர் நகரத்தார். நெல்லும் மக்களும் சென்ற ஐராவதி நீராவிக் கப்பல்களை நடத்தியதோ கிளாஸ்கோவிலிருந்து நிருவகிக்கப்பட்ட ஸ்காட்லாந்துக் கும்பெனி. மிதக்கும் ஆலயம் செய்யப்பட்ட அதே கிளைடு ஆற்றங்கரையில் அக்கப்பல்கள் பல கட்டப்பட்டன. செட்டிநாடும் ஸ்காட்லாந்தும் சந்தித்த துறைமுகம் இரங்கூன்.

1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன் நின்றது, ஈட்டு நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. நிலம் இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திராது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது கப்பற்கும்பெனியார் தம் கப்பல்களைத் தாமே ஆற்றில் மூழ்கடித்தனர். இந்தியர் இலட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினர். வழியில் மாண்டோர் பலர். விடுதலைக்குப்பின் 1948இல் பர்மிய அரசு நில உடைமையைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. வீடுகள் பூட்டப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே செட்டிநாட்டு மாளிகைக்கு இணை கிளென்கால்விக் குடிசையன்று. சதர்லாந்துப் பிரபுவின் கோட்டையே ஓரளவு இணை. குடிசைக்கு இணையானது ஐராவதிக் கரையில் இருக்கிறது. இங்கு வரும் எந்தக் குழுவுக்கும் அது கண்ணில் படாது. நகரத்தார் கோயிலும் பள்ளியும் கட்டிய அறச்செயல்களை மறுக்க நாம் இதைச் சொல்லவில்லை. தேக்குத் தூணைக் காட்டும் வழிகாட்டி அத்தேக்கு வந்த வழியையும் சொல்லவேண்டும் என்பதே நம் கருத்து. சோமலெ கேட்ட கேள்விகளும் இந்த வகையினவே.

செட்டிநாட்டில் புராட்டஸ்டாந்துப் பணி அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தது. ஸ்காட்லாந்தியரின் களம் சென்னையும் செங்கற்பட்டும். 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. 1843இல் அவர் சுயாதீனத் திருச்சபையோடு நின்றார். நமக்கு இங்கு முக்கியமானவர் அத்திருச்சபையின் செங்கற்பட்டு மிஷனெரி ஆதாம் ஆண்ட்ரு. அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரர் தடுப்பதை அவர் வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் அம்மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதன் பயன். ஆண்ட்ரு தம் மிஷனின் சார்பில் மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றத்தையும் அமைத்தார். ஸ்காட்லாந்தின் ஓர் ஊர்ப்பெயர் அதில் ஒலிக்கிறது. மிஷனே பண்ணையாராகி, குடியேறியவர் அதன் கையை எதிர்பார்த்து நிற்கும் ஆபத்து இத்தகைய குடியேற்றங்களில் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. எனினும், ஆலயம் கட்ட மண் மறுக்கப்பட்ட ஒரு திருச்சபையின் ஊழியர், மண் மறுக்கப்பட்ட மக்களுக்காக வாதாடினார். முன்னதின் நினைவு பின்னதைத் தூண்டிற்றா என்று நாம் கேட்பது தவறாகாது.

மலைநாட்டு வரலாறும் சன்னல் எழுத்தோடு முடிந்துவிடவில்லை. ஸ்கை தீவுக் குடியானவர் 1882இல் எதிர்த்து நின்றனர். 1886ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைப் பாதுகாப்பளித்தது. 1997இல் எக் என்னும் தீவின் மக்கள் தங்கள் தீவையே விலைக்கு வாங்கினர். அயோனாவில் 1938இல் ஜார்ஜ் மக்லவுட் என்னும் ஆயர், வேலையிழந்த கைவினைஞரையும் இறையியல் பயின்ற இளைஞரையும் ஒன்றாக உழைக்கவைத்து, பாழடைந்த மடத்துக் கட்டடங்களை மீட்டார். அங்கு வருவோர் வழிகாட்டியோடு தீவைச் சுற்றி நடக்கின்றனர், குறிப்பிட்ட இடங்களில் நின்று அவ்விடத்தின் கதையைக் கேட்டு மன்றாடுகின்றனர், பின்பு நடக்கின்றனர்.

நம் ஆயர்கள் பலர் இன்று எருசலேமுக்குக் குழுக்களை நடத்திச் செல்லும் வழிகாட்டிகள். 2011இல் அரசு உதவி அறிவிக்கப்பட்டபின் இப்பயணங்கள் எளியோர்க்கும் எட்டின. அது நன்று. அதே ஆயர் தம் வாலிபர் சங்கத்தைச் செங்கற்பட்டுக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுவதற்கு விமானமோ விசாவோ வேண்டியதில்லை. மெல்ரோசாபுரம் அங்கே இருக்கிறது. காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தது அந்நகரில்தான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்லும் குழுக்களின் ஊர்திகள் நாள்தோறும் அவ்வழியே போகின்றன.