நிஸ்ஸும் எல்டாப்பும்

லினக்ஸுக்கு ஆளின் பெயரைவிட எண்தான் பெரிது. ஆய்வகத்தின் முதல் கணினியில் கவிதாவுக்கு யூஐடி என்ற அந்த எண் 1001. அடுத்த கணினியில் முருகன் முந்திக்கொண்டதால், அங்கே 1001 அவருக்கு. இரண்டுக்கும் பொதுவாக என்.எஃப்.எஸ். வழியே ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். கவிதா இங்கே எழுதிய அறிக்கை அங்கே முருகனின் சொத்தாகிவிடும். திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். கணக்குகளை ஒரே சர்வரில் வைக்கச் சொல்வது இதனால்தான். அதற்குப் பழைய வழி நிஸ். இன்றைய வழி எல்டாப்.

நிஸ் 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. முதலில் அதற்கு எல்லோ பேஜஸ் என்று பெயர். பிரிட்டனில் அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால் பெயர் மாறியது. கட்டளைகளில் மட்டும் ‘ஒய்பி’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வரில் ஒரு கணக்கைச் சேர்த்து ‘மேக்’ என்று தட்டினால் எல்லாக் கணினிக்கும் அது தெரிந்துவிடும். ஒரே மதியத்தில் நிறுவிவிடலாம்.

வில்லங்கமும் அந்த எளிமையில்தான். பழைய அமைப்புகளில், உள்ளே நுழைந்த எந்த மாணவரும் ‘ஒய்பிகேட் பாஸ்வேர்டு’ என்று தட்டினால், எல்லோருடைய பாஸ்வேர்டு ஹாஷும் திரையில் வரிசையாக ஓடும். அதை பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக உடைக்கலாம். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்தவர்கள் முதலில் விழுவார்கள். ரெட் ஹேட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 9ஆம் பதிப்பில் நிஸ்ஸை நீக்கியபோது நான் வருந்தவில்லை.

எல்டாப் 1993இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு வந்தது. யூனிக்ஸ் கணக்குகளை அதில் எப்படி வைப்பது என்பதை 1998இல் ஆர்.எஃப்.சி. 2307 வகுத்தது. இங்கே பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது சர்வரே. முறையாக அமைத்தால் ஹாஷ் வெளியே போகாது. ஆனால் நிறுவுவது பொறுமையைச் சோதிக்கும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் முறைத்துக்கொள்ளும். டி.எல்.எஸ். சான்றிதழ் வேறு வேண்டும்.

ஆனாலும் பத்துக் கணினி உள்ள இடத்துக்குக்கூட எல்டாப்பையே சொல்வேன், கூடவே ஒவ்வொரு கணினியிலும் சர்வரோடு பேசும் எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற நிரலையும். நிஸ் சர்வர் படுத்தால் மற்ற கணினிகள் பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும். எஸ்.எஸ்.எஸ்.டி.யில் கேஷ் வசதியைப் போட்டுவைத்தால், முன்பு அதே கணினியில் நுழைந்தவரை சர்வர் இல்லாமலே உள்ளே விடும்.

அந்தச் சௌகரியம் கோளாறை மறைக்கவும் செய்யும். ஒருநாள் காலை எங்கள் எல்டாப் சர்வரின் டி.எல்.எஸ். சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இடம் மாறி உட்கார்ந்தவர்களால் மட்டும் நுழைய முடியவில்லை. ‘எனக்கு லாகின் ஆகுதே சார்’ என்று பாதிப் பேர் சொல்ல, அரை நாள் கீபோர்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.