வயிற்றோட்டமும் வரலாறும்

பல் முளைக்கும் பருவத்தில் குழந்தைக்கு வயிற்றோட்டம் உண்டாவது இயல்பென்றும், அது நிற்கும்வரை தண்ணீர் கொடுத்தலாகாதென்றும் நம் மூத்தோர் பலர் நம்பினர். அது அவர்கள் மட்டும் கொண்ட மயக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெருநகரங்களின் தொழிலாளர் குடியிருப்புக்களில் கோடைதோறும் பாலகர் பெருந்தொகையாய் மாண்டபோது, கெட்ட காற்றே காரணமெனக் கற்றோர் பலரும் கூறினர்.

இம்மயக்கத்தைக் கலைத்தது நுணுக்குக்காட்டி. 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1885இல் தியடோர் எஷ்ரிக் சிசுக்களின் மலத்தில் வாழும் ஒரு பற்றீரியாவை விபரித்தார். நலமுள்ள குழந்தைகளின் குடலிலும் அது வாழ்ந்தமையால் தீங்கற்றதென்றே பலர் கருதினர். அதன் சில வகைகள் பாலகரின் கோடைக்கால வயிற்றோட்டத்தோடு தொடர்புடையன என்பதை இங்கிலாந்தில் ஜோன் பிறே காட்டியது 1945இலேயே. 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா, சீதமும் இரத்தமும் கழியும் வயிற்றுளைவின் கிருமியைக் கண்டார்.

எனினும், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுட் பெரும்பாலோரின் நோய்க்குக் காரணம் புலப்படவில்லை. 1973இல் மெல்பேண் நகரில் றூத் பிஷப்பும் அவர் குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினர். அங்கே ஒரு வைரஸ் திரளாகத் தென்பட்டது. சக்கரம் போன்ற தோற்றத்தால் அது பின்னர் றோட்டா வைரஸ் எனப் பெயர் பெற்றது.

காரணம் முழுதும் தெரியுமுன்னரே உயிர்காக்கும் வழி பிறந்துவிட்டது. குளுக்கோசு உடனிருப்பின் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்ற உண்மை 1960களில் துலங்கியது. 1971இல் வங்காளதேசப் போரினால் அகதிகள் இந்திய எல்லையிலுள்ள பொங்காவில் குவிந்தனர். வாந்திபேதி பரவியது, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவிற் கரைத்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருகக் கொடுப்பித்தார். ஏறத்தாழ 30 வீதமாயிருந்த மரணம், இக்கரைசலாற் சிகிச்சை பெற்றோரிடையே 3.6 வீதமாகக் குறைந்தது. நம் நாட்டு மருந்துக்கடைகளில் 'ஜீவனி' என்று நாம் வாங்கும் பொட்டலம் இக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே.

2013இல் வெளியான பேராய்வொன்று, ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு நாடுகளை ஆராய்ந்து, பாலகரின் கடும் வயிற்றோட்டத்துக்கு நான்கு கிருமிகளே முதன்மையான காரணங்கள் என்றது. அவை றோட்டா வைரஸ், கிறிப்டோஸ்போரிடியம், எஷ்ரிக் கண்ட இனத்தின் ஒரு நச்சுவகை, ஷிகாவின் கிருமி என்பன. பகைவனின் பெயர் தெரியும். றோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்தும் உண்டு. அவ்வாறிருந்தும், ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்டோர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024இற் கணக்கிட்டது.

ஏன்? றோட்டா வைரஸ் செல்வர் வீடென்றும் வறியோர் குடிலென்றும் பாராது ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் தொற்றுகின்றது. மரணமோ வறியோர் குடிலையே நாடுகின்றது. ஊட்டமின்மை, மருத்துவமனையின் தொலைவு, மாசுற்ற கிணறு ஆகியன அதற்கு வழிகாட்டுகின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கற் பூமி மலக்குழியின் கழிவை அயற்கிணற்றுக்கு எளிதிற் கடத்துவது. ஒடுங்கிய காணியிற் குடியிருப்போன் கிணற்றையும் மலக்குழியையும் எங்ஙனம் விலக்கி அமைப்பான்?

நண்பர்களே, கரைசல் கலக்கும் முறையை மாணவருக்குக் கற்பிப்பது நம் கடமை. தூய நீரும் மலகூடமும் எல்லார்க்கும் உரியவை எனக் கற்பிப்பதும் அக்கடமையின் மறுபாதியே.