மன்னன் நாவும் மக்கள் நாவும்

ஸ்பெயின் நாட்டிலே ஓர் அரசன் இருந்தானாம். அரண்மனை உண்டு, ஆலவட்டம் உண்டு, அடிவருடும் கூட்டமும் உண்டு. 'ஸ்' என்னும் ஒலி மட்டும் அவனுக்கு வராதாம். நாவின் நுனி பற்களின் இடையே போய்ச் சிக்கிக்கொள்ளுமாம். மன்னன் மனம் புண்படலாகாதே! அமைச்சன் அவனைப் போலவே பேசினான். அமைச்சனைக் கண்டு படைத்தலைவன் பேசினான். பிரபுக்கள் பேசினர், பிரபுக்களின் பணியாட்கள் பேசினர். முடிவில் நாடே நாவை நீட்டிப் பேசத் தொடங்கிவிட்டதாம். மாட்ரிட் நகரத்தார் இன்றும் சில சொற்களை அவ்வாறு ஒலிப்பதற்கு இதுவே காரணமாம்.

கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஸ்பானிய மொழி கற்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆசிரியர்களே இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டுப் போகலாமே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. கோடிக்கணக்கானவர் பேசும் மொழியின் ஒலியை ஆக்கியவர் யார், அரியணையில் அமர்ந்தவனா, அங்காடியிலும் வயலிலும் உழன்றவர்களா என்னும் கேள்வி அல்லவா இந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகிடக்கிறது!

கதையைக் கவிழ்க்க ஒரே ஒரு சொல் போதும். நன்றி என்பதை மாட்ரிட்டில் 'கிராதியாஸ்' என்பர். இதிலே வரும் 'தி', நம் தமிழ்த் 'தி' அன்று. ஆங்கிலத்தில் மூன்றைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் கேட்குமே, பல்லிடைக் காற்றொலி, அது. அதற்கு நம் எழுத்து இல்லாமையால் இக்கட்டுரையில் 'த' வரிசையாலேயே குறிக்கிறோம். அதே சொல்லின் இறுதியைக் கவனியுங்கள்: 'ஸ்' ஒலி அப்படியே நிற்கிறது! மன்னனுக்கு 'ஸ்' வராது, மக்கள் அவனைப் பின்பற்றினர் என்றால், அந்த இறுதி 'ஸ்' எங்ஙனம் தப்பிப் பிழைத்தது? 'காசா' என்றால் வீடு. 'காதா' என்றால் வேட்டை. இரண்டையும் மாட்ரிட்டுச் சிறுவன் பிழையின்றிப் பிரித்துச் சொல்கிறான். நாக்கு ஊனமுற்றவனைப் பார்த்துக் கற்றவன் பேச்சா இது?

அரசன் பெயரைச் சொல்லுங்கள் என்றால், பெத்ரோ என்று சிலர் சொல்வர். 1350 முதல் 1369 வரை காஸ்டில் நாட்டை ஆண்டவன் இவன். கொடியவன் என்று பகைவரும், நீதிமான் என்று வேண்டியவரும் அழைத்தனர். அவன் பேச்சிலே சற்றுத் தெற்றல் இருந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் லோப்பெஸ் தே அயாலா குறித்திருப்பது மெய். ஆனால் அவனைக் கொன்று அரியணை ஏறியவன் அவனுடைய மாற்றாந்தாய் மகன் என்ரிக்கே. கொலையுண்டவனின் நாக்குத் தெற்றலைக் கொலை செய்தவனின் அவை போற்றிப் பாதுகாத்ததாம்! நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இவற்றையெல்லாம் விட அசைக்க முடியாத சான்று ஒன்று ஸ்பெயினுக்கு வெளியே இருக்கிறது. 1492 மார்ச்சு 31-ஆம் நாள், இசபெல்லா அரசியும் பெர்டினாண்டு அரசரும் கிரனடாவில் ஓர் ஆணை பிறப்பித்தனர்: யூதர்கள் கிறித்துவராக வேண்டும், அன்றேல் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். மதத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட அந்த மக்களில் பலர் துருக்கியப் பேரரசிலே புகலிடம் பெற்றனர். சாலோனிக்கா, இஸ்தான்புல், இஸ்மிர் என்று அவர்கள் குடியேறிய இடமெல்லாம் ஸ்பானிய மொழியும் குடியேறியது. வீடு போயிற்று, நிலம் போயிற்று. நாவிலிருந்த மொழியை எந்தக் காவலன் பறிக்க முடியும்? 450 ஆண்டுகள் அதை வீட்டு மொழியாக வைத்திருந்தனர்.

அவர்கள் பேச்சிலே அந்தப் பல்லிடை ஒலி இல்லை. நன்றி அவர்களுக்குக் 'கிராசியாஸ்'தான். 14-ஆம் நூற்றாண்டு மன்னன் நாடு முழுவதற்கும் அந்த ஒலியைப் பரப்பியிருந்தால், 1492-இல் காஸ்டிலிலிருந்தும் அரகோனிலிருந்தும் புறப்பட்டவர்கள் அதைச் சுமந்துகொண்டல்லவா போயிருக்க வேண்டும்? மற்றொன்றும் காண்கிறோம். 'சொன்னான்' என்பதற்கு இன்றைய ஸ்பானியர் 'டிஹோ' என்பர். நாடிழந்த யூதர் 'டிஷோ' என்றனர். அதுதான் பழைய ஒலி. ஸ்பெயின் மறந்ததை, ஸ்பெயினால் துரத்தப்பட்டவர்கள் காத்துவந்தனர். சாலோனிக்கா நகரிலே அந்த ஒலி அடங்கிய விதமும் கொடியது. 1943-ஆம் ஆண்டு சில திங்களுக்குள் ஏறத்தாழ 45,000 பேரைச் சரக்கு வண்டிகளில் அடைத்து ஆஷ்விட்சுக்கு அனுப்பினர் நாஜிகள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை.

சரி, பல்லிடை ஒலி எங்கிருந்துதான் வந்தது? பழைய காஸ்டில் பேச்சிலே 'ஸ்', 'ட்ஸ்', 'ஷ்' என்னும் ஒலிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் வலிந்தும் மெலிந்தும் இரண்டு வடிவங்கள். இத்தனை நுண்ணிய வேறுபாட்டை நாள் முழுதும் நாக்கு தாங்குமா? 16-ஆம் நூற்றாண்டில் இரட்டை வடிவங்கள் ஒன்றாயின. 'ட்ஸ்' தன் 'ட்'டை இழந்து 'ஸ்' ஒலியின் வாசலிலே வந்து நின்றது. வீடும் வேட்டையும் செவிக்கு ஒன்றாகிவிடும் போலாயிற்று. வடபுறத்து மக்கள் நாவை முன்னே தள்ளிப் பல்லிடைக்குக் கொண்டுபோய் வேறுபாட்டைக் காத்தனர். 'ஷ்' பின்வாங்கித் தொண்டையருகே சென்று 'ஹ்' ஆயிற்று. தென்புறத்தில், செவில் நகரைச் சூழ்ந்த அண்டலூசியாவிலோ, வேறுபாடே வேண்டாம் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். யாரும் ஆணையிடவில்லை, யாரும் திட்டமிடவும் இல்லை. தாய் பேசியதைச் சற்றே மாற்றிப் பிள்ளை பேசினான், அவ்வளவுதான்.

இதிலே ஒரு வேடிக்கை. காடிஸ், மலகா பகுதிகளின் சிற்றூர்களில், ஒன்றாக்கிய அந்த ஒலியைப் பல்லிடையிலேயே ஒலிப்போர் உண்டு. 'ஸ்' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'த்'! கதையிலே வரும் மன்னனின் பேச்சு இதுவன்றோ? அப்படியானால் அவர்களுக்கல்லவா அரசமரியாதை கிடைத்திருக்க வேண்டும்? கிடைத்ததோ கேலி! மீன்பிடிப்போர், கூலிக்கு அறுவடை செய்வோர், படிப்பில்லாதோர் பேச்சு என்று நகரத்தார் நகைத்தனர். நாடக மேடையில் வேலைக்காரிக்கும் கோமாளிக்கும் அண்டலூசியப் பேச்சைக் கொடுத்தனர். அதே ஒலியை மன்னன் நாவில் வைத்தால் மாண்பு, உழவன் நாவில் வைத்தால் ஊனம்.

அண்டலூசியரை இழித்துரைக்கும் வழக்கம் பழையது. 1492-இல் சலமன்காவில் அச்சான முதல் காஸ்டிலிய இலக்கணத்தை எழுதியவர் நெப்ரிகா. பேரரசும் மொழியும் இணைபிரியாமல் செல்பவை என்று அரசிக்கு முன்னுரையிலே எடுத்துரைத்தவர் அவர். அந்த நெப்ரிகாவையே, 1535-ஐ ஒட்டி நேப்பிள்சிலிருந்து எழுதிய வால்தேஸ் என்பார், அண்டலூசியர்தாமே, அங்கே மொழி அவ்வளவு தூய்மையன்றே என்று தள்ளிவைத்தார்! இலக்கணம் வகுத்தவனே இலக்கணத்துக்குப் புறம்பானவனாம்.

ஆனால் கடல் வேறு தீர்ப்பு எழுதியது. அமெரிக்காவோடு நடக்கும் வாணிகத்தையும் பயணத்தையும் கட்டுப்படுத்த, 1503-இல் செவில் நகரிலே அரசு ஒரு நிறுவனத்தை அமைத்தது. அது 1717-இல் காடிசுக்கு மாறும் வரை, புதிய உலகம் செல்ல விரும்பியவர் எவராயினும் செவிலுக்கு வந்து, ஆணைச் சீட்டுக்கும் கப்பலுக்குமாகத் திங்கள் கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். மாலுமிகள் தென்புறத்தார், வழியில் தங்கும் கனேரித் தீவுகளிலும் அதே பேச்சு. முதற்கட்டக் குடியேற்றத்தைப் பெயர் பெயராக எண்ணிப் பார்த்தவர் பாய்டு போமன் என்னும் அறிஞர். ஆண் பெண் அனைவரையும் சேர்த்தால் பத்தில் நால்வர் அளவுக்கு அண்டலூசியர். பெண்களை மட்டும் எண்ணினால் மூவரில் இருவர். புதிய மண்ணிலே பிறந்த பிள்ளைக்கு முதற்சொல் ஊட்டியவர் யாரென்று இனி விளக்க வேண்டுமா?

இதனால்தான் மெக்சிகோ முதல் சிலி வரை எங்கும் 'கிராசியாஸ்'. 'கோசெர்' என்றால் தைத்தல், 'கோதெர்' என்றால் வேகவைத்தல். அமெரிக்காவில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டதால், சமைப்பதற்குக் 'கோசினார்' என்னும் வேறு சொல்லை எடுத்து ஆள்கின்றனர். குடியா முழுகிவிட்டது? துறைமுகங்களான ஹவானாவிலும் கார்த்தஹேனாவிலும் வெராகுருசிலும் சொல்லிறுதி 'ஸ்' மெல்லிய மூச்சாகத் தேய்கிறது; அண்டலூசியாவிலும் அப்படியே. மலைமேல் அமைந்த மெக்சிகோ நகரத்திலும் பொகோட்டாவிலும் அது கணீரென்று நிற்கிறது. ஆண்டுதோறும் கப்பல்கள் தங்கிய இடத்தில் மாலுமியின் பேச்சு வேரூன்றியது, அரசப் பிரதிநிதியும் ஆயரும் அலுவலரும் அமர்ந்த இடத்தில் அவைப்பேச்சு ஓங்கியது என்று மெனெண்டெஸ் பிடால் 1962-இல் விளக்கினார். முழுக்காரணமும் இதுவே என்று நாம் சொல்லமாட்டோம். பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

மாலுமியின் பேச்சு வென்றது என்று மகிழும்போது, அதே கப்பலில் வாளும் வந்தது என்பதை மறக்கலாகாது. 1770-இல் மூன்றாம் கார்லோஸ் மன்னன், அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகள் மறைந்து காஸ்டிலியம் ஒன்றே பேசப்பட வேண்டும் என்று ஆணையிட்டான். ஆணை வேண்டிய அளவு கொடுமை செய்தது. ஆயினும் முழுதும் நிறைவேறவில்லை. பராகுவே நாடு 1992-இல் தன் அரசியல் சட்டத்திலேயே குவாரனி மொழியை ஸ்பானியத்தோடு ஆட்சிமொழியாக அமர்த்தியது.

மெக்சிகோ என்னும் பெயரிலேயே இவ்வரலாறு முழுதும் இருக்கிறது. அம்மண்ணின் மக்கள் 'மெஷிக்கோ' என்றனர். அன்றைய ஸ்பானியத்தில் 'எக்ஸ்' எழுத்துக்கு 'ஷ்' ஒலி. ஆகவே அப்படி எழுதினர். பிறகு ஒலி மாறி 'மெஹிகோ' ஆயிற்று, எழுத்து நின்றது. ஆங்கில வழியே அந்த எழுத்தைப் பார்த்து நாம் 'மெக்சிகோ' என்கிறோம்! 1713-இல் தோன்றிய அரச அகாதெமி 1815-இல் எழுத்துமுறையைத் திருத்தி, அத்தகைய இடங்களில் 'ஜே' எழுத வகுத்தது. 1821-இல் வெராகுருஸ் துறைமுகத்துத் தீவுக்கோட்டையில் சிறையிருந்த செர்வாண்டோ தெரேசா தே மியெர் என்னும் துறவி, மெக்சிகோ மக்களுக்கு ஒரு மடல் தீட்டினார்: நம் பெயரை 'எக்ஸ்' கொண்டே எழுதுங்கள். விடுதலைக்கு உழைத்துச் சிறைப்பட்டவர், ஓர் எழுத்துக்காக மன்றாடினார். அந்நாடு இன்றுவரை அவ்வாறே எழுதுகிறது; 2005-இல் வெளிவந்த தன் ஐய அகராதியில் அகாதெமியே அதைப் பரிந்துரைத்தது.

அகாதெமியின் குறிக்கோள் உரையை அறிவீர்களா? தூய்மையாக்கும், நிலைநிறுத்தும், ஒளிதரும். சலவைக்கட்டி விளம்பரம் போலில்லையா என்று ஸ்பானியர்களே நகையாடுவதுண்டு. தூய்மையின் அளவுகோல் மாட்ரிட்டில் இருந்தது. அளக்கப்படுவோர் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1843-இல் சிலிப் பல்கலைக்கழகத்தில் எழுந்து நின்று, நாம் ஒலிக்காத 'இசட்' எழுத்து நமக்கெதற்கு, அமெரிக்கரின் ஒலிக்கேற்ப எழுதுவோம் என்று முழங்கினார் சர்மியெந்தோ. அர்ஜென்டினாவிலிருந்து ஓடிவந்து அடைக்கலம் புகுந்திருந்தவர், பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானவர். அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் அறிஞர் பெல்லோ நிதானப் போக்கினர். 1847-இல் அமெரிக்கருக்கென்றே இலக்கணம் எழுதியவர்; அவரும்கூட, 'நீ' என்பதற்கு 'து' என்னாமல் 'வோஸ்' என்னும் பழஞ்சொல்லை வழங்கிய சிலி மக்களைக் கண்டித்தார். நம்மவர் என்று வந்தவரும் சில நேரம் மாட்ரிட்டின் பிரம்பையே ஏந்தினர்.

அந்த 'வோஸ்' ஒழிந்ததா? சிலியில் தளர்ந்தது. அர்ஜென்டினாவில் பள்ளிகள் தலைமுறைக் கணக்கில் அதைத் திருத்தின. மாணவன் ஏட்டில் 'து' எழுதினான், வாயில் 'வோஸ்' சொன்னான். 1943-இல் ஆட்சியைப் பறித்த படைத்தலைவர்கள், வானொலியில் கொச்சை கூடாதென்று டாங்கோப் பாடல்களின் சொற்களையே மாற்றவைத்தனர். மக்களோ அடுப்படியிலும் தெருவிலும் 'வோஸ்' என்றே அழைத்துக்கொண்டனர். 1982-இல் அர்ஜென்டினாவின் மொழிக்கழகம் அது கற்றோர் வழக்கே என ஒப்புக்கொண்டது.

இன்று ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடி. ஸ்பெயினின் மக்கள்தொகை அதில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. அதிலும் அண்டலூசியாவின் பெரும்பகுதியும் கனேரித் தீவுகளும் 'காசா'வையும் 'காதா'வையும் பிரிப்பதில்லை. இருந்தும் பழைய நினைப்பு எளிதில் அகலவில்லை. மெக்சிகோ நகரத்து வேலைக்காரப் பெண்ணின் வாழ்வைச் சொல்லும் 'ரோமா' என்னும் திரைப்படத்தை 2018-இல் ஆக்கியவர் அல்ஃபோன்சோ குவாரோன். ஸ்பெயினில் அதைக் காட்டிய நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், ஸ்பானிய மொழிப் படத்துக்கு ஸ்பானியத்திலேயே மொழிபெயர்ப்பு வரிகளை அடியில் ஓட்டியது! 'மமா' என்று பிள்ளை அழைத்தால் கீழே 'மாத்ரே' என்று எழுத்து. அம்மா என்றதை அன்னை என்று திருத்துவது போல. கோபத்தைக் குறிக்கும் மெக்சிகோச் சொல்லை நீக்கி மாட்ரிட்டுச் சொல்லைப் பதித்தனர். இது பார்ப்போரையும் இழிவுபடுத்துவது என்று குவாரோன் சினந்து கண்டித்தார். 2019 சனவரியில் நிறுவனம் அந்த வரிகளை எடுத்துவிட்டது.